பியட் காரும் நானும், என் கணவரின் காதும்



நான் திருச்சி உறையூரைச் சேர்ந்த இல்லத்தரசி. அறுபதைத் தாண்டியவள். கார் ஓட்டும் பெண்கள் இன்று தெருவுக்கு நாலு பேர். ஆனால், 1994-ல் நான் லைசென்ஸ் வாங்கியபோது எங்கள் தெருவில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களே இரண்டு பேர்தான். ஆசைக்காக நான் கார் கற்றுக்கொள்ளவில்லை. அன்று அது எங்கள் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வி.

எங்களிடம் இருந்தது 1978 மாடல் பிரிமியர் பத்மினி. என் மாமனார் புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. இத்தாலி நாட்டு பியட் கம்பெனியின் 1100 காரைத்தான், அவர்களிடம் உரிமம் பெற்று பம்பாயில் தயாரித்தார்கள். எழுபதுகளில் 'பத்மினி' என்று பெயர் மாறியும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. 'பியட்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கியர் கம்பி கீழே இருக்காது. ஸ்டியரிங்குக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும். முன் சீட் பெஞ்சு மாதிரி ஒரே நீளம். முன் கதவுகளில் காற்றுக்கென்று தனியாக முக்கோணக் கண்ணாடி. அதைத் திருப்பி வைத்தால் முகத்தில் காற்று அறையும்.

என் கணவர் பள்ளிக்கூடங்களுக்கு நோட்டுப் புத்தகம், பேனா, சாக்பீஸ் சப்ளை செய்து வந்தார். லால்குடி, முசிறி, துறையூர், மணப்பாறை என்று வாரத்தில் ஐந்து நாள் சுற்ற வேண்டும். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் போக முடியாது. அந்த பியட்தான் எங்கள் கடை, கிடங்கு எல்லாம்.

1993-ல் ஒரு நாள் வெளிறிய முகத்தோடு வீட்டுக்கு வந்தார். "பக்கத்துல வந்த சைக்கிள்காரன் எனக்குத் தெரியவே இல்லை. நல்லவேளை, அவன் ஒதுங்கிட்டான்" என்றார். கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிளாக்கோமா என்றார்கள். கண்ணுக்குள் அழுத்தம் அதிகமாகி நரம்பு கெட்டுப்போகும் வியாதியாம். வலி இருக்காது. நேராகப் பார்ப்பது நன்றாகவே தெரியும். பக்கப் பார்வைதான் சத்தமில்லாமல் சுருங்கிக்கொண்டே வரும். போன பார்வை போனதுதான், திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். "இனிமே நீங்க வண்டி ஓட்டக் கூடாது" என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்போது இவருக்கு 39 வயது. மகள் மூன்றாம் வகுப்பு, மகன் எல்.கே.ஜி.

டிரைவர் வைத்துப் பார்த்தோம். வந்த லாபம் முழுவதும் அவர் சம்பளத்துக்கும் பேட்டாவுக்குமே சரியாகப் போனது. மூன்றாவது மாதம் என் வளையல் அடகுக்குப் போயிற்று. காரை விற்றுவிட்டு எங்காவது கணக்கு எழுதப் போகிறேன் என்றார் இவர். ராத்திரி ஆனால் துணியை எடுத்துக்கொண்டு போய், ஓடாத காரைத் துடைத்துக்கொண்டே நிற்பார். எனக்கு வயிற்றைப் பிசையும்.

அப்போது வாயைத் திறந்தது யார் தெரியுமா? என் மாமியார்! தெருவில் நின்று பேசினாலே முறைக்கிற மனுஷி. ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டே, "அவனுக்குத்தானே கண்ணு சரியில்லை? உனக்கு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? நீ ஓட்டேன்டி!" என்றார். நான் திகைத்துப்போய் நின்றேன். "ஊர் என்ன அத்தை சொல்லும்?" என்றதற்கு, "ஊரா வந்து உன் வளையலை மீட்டுத் தரப்போகுது?" என்று ஒரே போடாகப் போட்டார்.

இவருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் பயம்தான். ஆனால் அந்தச் சமயம்தான், கன்னியாகுமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி என்ற பெண்மணி அரசு பஸ் டிரைவராகவே வேலைக்குச் சேர்ந்திருக்கிறார் என்ற செய்தி வந்திருந்தது. ஒரு பெண் அவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டுகிறாள்; நான் என் வீட்டுக் காரை ஓட்டக் கூடாதா என்று துணிந்துவிட்டேன்.

எல்.எல்.ஆர். வாங்கி, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அங்கேயும் பியட்தான். பயிற்சி தருபவர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். அவர் கால் எப்போதும் அதன் மேலேயே இருந்ததால், வண்டியை ஓட்டியது நானா அவரா என்று மூன்று வாரம் ஆகியும் எனக்குப் புரியவில்லை! அதன் பிறகு எங்கள் சொந்தக் காரில் பழக ஆரம்பித்தேன். லைசென்ஸ் வைத்திருந்த என் தம்பி பக்கத்தில் உட்காருவான். முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' போர்டு. காலை ஐந்தரை மணிக்குப் புறப்படுவோம்.

எனக்கு உயரம் குறைவு. பானெட்டைத் தாண்டி ரோடு தெரியவே ஒரு தலையணை போட்டு உட்கார வேண்டும். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டுவிடுவேன். பவர் ஸ்டியரிங் எல்லாம் கிடையாது. வண்டியைத் திருப்பி நிறுத்துவதற்குள், ஆட்டுக்கல்லில் இரண்டு படி மாவு ஆட்டிய மாதிரி தோள் விட்டுப்போகும்.

நாலாம் நாள் இவரும் வந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்து நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "இப்ப கியரை மாத்து" என்றார். மாற்றினேன். "இன்ஜின் திணறுது, கேக்குதா? இறக்கு." இறக்கினேன். "கிளட்சை இன்னும் முழுசா விடலை நீ." நிஜம்தான்! வண்டி போடுகிற சத்தத்தை வைத்தே என் கை, கால் என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. பதினைந்து வருஷம் அந்தக் காரோடு வாழ்ந்தவர் ஆயிற்றே! என் தம்பி, "அக்கா, நான் சும்மா லைசென்ஸுக்குத்தான் உட்கார்ந்திருக்கேன். சொல்லித் தர்றது மாமாதான்" என்பான்.

எனக்குச் சிம்ம சொப்பனமாக இருந்தது கோட்டை ஸ்டேஷன் பாலம். ஏற்றத்தில் முன்னால் பஸ் நின்றுவிட்டால், நம் வண்டி பின்னுக்கு நழுவாமல் எடுக்க வேண்டும். "பிரேக்கை உடனே விடாதே. கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமா விடு. இன்ஜின் சத்தம் கனத்து, வண்டி லேசா நடுங்கும் பாரு... ம், இப்ப கைப் பிரேக்கை விடு" என்பார். அந்த நடுக்கத்தைப் பாதத்தால் உணர்ந்துகொள்ள எனக்குப் பத்து நாள் ஆயிற்று. தெரிந்துகொண்ட பிறகு எந்த ஏற்றத்திலும் பயம் இல்லை.

1994 மே மாதம், நல்ல கத்திரி வெயிலில் டெஸ்ட். சொந்தக் காரிலேயே போனோம். வரிசையில் இருபது, இருபத்தைந்து ஆண்கள். பெண் நான் ஒருத்திதான். "டிரைவர் எங்கேம்மா? வண்டியை ஓரமா போடச் சொல்லு" என்றார் ஒருவர். "டெஸ்ட் எனக்குத்தாங்க" என்றேன். நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

என் முறை வந்தபோது வண்டி கிளம்ப மறுத்தது! சாவியைத் திருப்பினால் உர்... உர்... என்கிறதே தவிர, இன்ஜின் பிடிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இவர் தூரத்தில் வேப்ப மரத்தடியில் நிற்கிறார். டெஸ்ட் நேரத்தில் அவரைக் கூப்பிட முடியாது. ஆனால், அந்தச் சத்தம் எனக்குப் புரிந்துவிட்டது. வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடாகி, குழாயில் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் இன்ஜினுக்கு எண்ணெய் போகாது. பழைய பியட்டுகளுக்கு இது கோடைக்கால வியாதி. அதற்கென்றே சீட்டுக்கு அடியில் ஈரத் துணியும் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்துக்கொண்டுதான் கிளம்புவோம். இறங்கினேன். பானெட்டைத் தூக்கி, பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினேன். ஐந்து நிமிஷம் பொறுத்து சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது! சிரித்த நாலு பேரும் கப்சிப்.

இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்தார். முதலில் கை சிக்னல். வலது பக்கம் திரும்ப கையை நேராக நீட்டணும். நிறுத்த, மேலே தூக்கணும். வேகம் குறைக்க, உள்ளங்கை கீழே பார்க்க ஏற்றி இறக்கணும். கண்ணாடி வளையல் கலகலக்க எல்லாம் செய்தேன். அப்புறம் ரிவர்ஸ். அதற்கப்புறம் போக்குவரத்து உள்ள ரோடு. இறங்கும்போது, "பம்புல துணி போடணும்னு யாரும்மா சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர் சார்" என்றேன். "பாஸ்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நான் திரும்பி வேப்ப மரத்தடிக்குப் போவதற்குள் இவர் கண்ணெல்லாம் ஈரம். "கியர் எங்கேயும் கீறலை. அப்பவே தெரியும்" என்றார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னை வாய் திறந்து பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அந்த ஜூன் மாதம் பள்ளி திறக்கும் சீஸனுக்கு நானே வண்டி எடுத்தேன். இவர் பக்கத்தில் ஆர்டர் புத்தகத்தோடு. முதல் இரண்டு மாதம் எல்லா ஊரிலும் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாவது மாதம் ஹெட்மாஸ்டர்களே, "வாங்கம்மா, காபி சாப்பிடுங்க" என்றார்கள். அடகு வைத்த வளையல் தீபாவளிக்கு முன் வீடு வந்து சேர்ந்தது. மகளை இன்ஜினீயரிங்கும் மகனை பி.காமும் படிக்க வைத்தது அந்த கார்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் மாமியாரை சமயபுரம் அழைத்துப் போவேன். பின் சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்து, "என் மருமக ஓட்றா" என்று வழியில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லுவார்.

உதிரி பாகம் கிடைப்பது கஷ்டமாகி, 2004-ல் மனசில்லாமல் காரைக் கொடுத்தோம். பியட் தயாரிப்பே 2000 வாக்கில் நின்றுபோனது. மும்பையில் டாக்ஸியாக ஓடிய கடைசி பத்மினிகளும் இருபது வருஷ வயது வரம்பு முடிந்து, 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டன. இப்போது எங்கள் மகள் கியரே மாற்ற வேண்டாத கார் வைத்திருக்கிறாள். விடாமல் சொட்டு மருந்து போட்டதால் இவருக்குக் கொஞ்சம் பார்வை இன்னும் மிச்சம் இருக்கிறது. மகள் காரில் ஏறினால், "என்னம்மா வண்டி இது? சத்தமே போட மாட்டேங்குது. நீ எப்படி ஓட்டறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று குறைப்படுவார்.

சகோதரிகளுக்கு இரண்டு விஷயம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஒன்று, கண். கிளாக்கோமா குடும்பத்தில் தொடரக்கூடியது. என் மாமனாருக்கும் கடைசிக் காலத்தில் பார்வை மங்கியிருந்தது. 'வயசாச்சு' என்று விட்டுவிட்டார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் யாருக்காவது இது இருந்தால், கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் கண் அழுத்தம், கண் நரம்பு இரண்டையும் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நாற்பது தாண்டிய எல்லோருமே பார்த்துக்கொள்வது நல்லது. கண்ணாடிக்குப் பவர் பார்ப்பது மட்டும் போதாது.

இரண்டு, லைசென்ஸ். கல்யாணத்துக்கு முன் எடுத்த லைசென்ஸைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். எடுத்துத் தேதியைப் பாருங்கள். காலாவதியாகி ஒரு வருஷத்துக்குள் என்றால் டெஸ்ட் இல்லாமல் புதுப்பித்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் மறுபடி டெஸ்ட்தான். நாற்பது வயதுக்கு மேல் டாக்டர் சர்டிபிகேட்டும் வேண்டும். 55 வயதைத் தாண்டியவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். நானும் அப்படித்தான் புதுப்பித்து வருகிறேன்.

கஷ்டம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வந்த பிறகு பதறிக் கற்றுக்கொள்வதைவிட, நன்றாக இருக்கும்போதே, வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கிண்டல் செய்யும்போதே, சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ளுங்கள். பாலம் ஏறும்போது மட்டும் பிரேக்கிலிருந்து அவசரமாகக் காலை எடுத்துவிடாதீர்கள்!

— ஒரு வாசகி, உறையூர், திருச்சி.