டிராயிங் இல்லாத அசெம்பிளி லைன்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு உயிரியலில் என்ன வேலை என்று கேட்டுவிடாதீங்க. இதுவும் ஒரு தொழிற்சாலைச் சமாச்சாரம்தான்.

மாட்டின் தாடைக்குக் கீழே ஓர் எச்சில் சுரப்பி உண்டு. அதில் ஊறும் கொழகொழப்பான புரதத்திலிருந்து 1936-ல் ஸ்வீடனைச் சேர்ந்த குன்னார் பிலிக்ஸ் ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பின்னால் அதற்கு சியாலிக் அமிலம் என்று பெயர் வந்தது. (கிரேக்க மொழியில் சியாலான் என்றால் எச்சில். பெயர் வைக்க ரொம்ப யோசிக்கவில்லை போலும்!) ஊறி வரும் எச்சிலில் மட்டுமல்ல, சுரப்பிச் செல்களின் சவ்வில் பதிந்து நிற்கும் புரதங்களிலும் இது இருக்கிறது. அந்தப் புரதங்களின் வெளிப்பக்கத்தில் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பல சங்கிலிகளில் கடைசிக் கண்ணி இந்த அமிலம்தான். இதற்கு எதிர்மின்னேற்றம் உண்டு. ஒன்றையொன்று தள்ளும், தண்ணீரைப் பிடித்து வைக்கும். எச்சிலின் வழவழப்பில் இதற்கும் பங்கு உண்டு.

சங்கிலி எப்படித் தயாராகிறது? எந்த அமினோ அமிலத்துக்குப் பின் எது என்று புரதத்துக்கு ஜீனில் டிராயிங் இருக்கிறது. சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படி ஒரு டிராயிங்கே கிடையாது! செல்லுக்குள் கோல்கை உறுப்பு என்று அடுக்கடுக்கான தட்டுகள். புரதம் அவற்றைக் கடந்து போகும்போது அங்கங்கே காத்திருக்கும் என்சைம்கள் ஆளுக்கொரு கண்ணியை மாட்டும். ஒருத்தர் கேலக்டோஸ், அடுத்தவர் சியாலிக் அமிலம். ஓர் என்சைம் லீவு போட்டால் சங்கிலியின் வடிவமே மாறிப்போகும். ஒரே புரதத்தின் இரண்டு பிரதிகளில்கூட சங்கிலிகள் ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை. நம்ம வொர்க்ஷாப்பில் இப்படி ஜாப் செய்து கொடுத்தால் மார்க் என்ன ஆகும்!

மனிதனிடம் அப்படி ஓர் என்சைம் நிரந்தர லீவில் இருக்கிறது. மாடும் பன்றியும் சியாலிக் அமிலத்தில் கூடுதலாக ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்க்கும். நம்மால் முடியாது, அதற்கான ஜீன் நம் ஆதி முன்னோரிடமே கெட்டுப்போய்விட்டது. 1998-ல் இதைக் காட்டிய குழுக்களில் ஒன்று அமெரிக்காவில் வேலை செய்யும் அஜித் வர்க்கியுடையது. அவர் வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்தவர்.

ஓர் ஆக்சிஜன்தானே என்று விட முடியுமா? அந்த அமிலத்தை நம் உடம்பு அந்நியமாகப் பார்த்து ஆன்டிபாடி உண்டாக்கும். பன்றியின் சுரப்பியில் மட்டுமல்ல, இதயத்திலும் இப்படிப்பட்ட சர்க்கரைகள் உண்டு. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் பால்டிமோரில் ஒரு நோயாளிக்குப் பன்றி இதயம் பொருத்தினார்கள். அந்தப் பன்றியில் செய்த 10 ஜீன் மாற்றங்களில் 3, மனித உடம்புக்கு ஆகாத சர்க்கரைகளை நிறுத்துவதற்காகவே. நோயாளி இரண்டு மாதம் உயிரோடிருந்தார். ஆனால் பொருத்திய உடனே இதயத்தைத் தாக்கி அழிக்கும் எதிர்ப்பு மட்டும் வரவே இல்லை.