வெள்ளைப்படுதல்: எது இயல்பு, எது நோய்?

பருவமடைந்த பெண்பிள்ளைகள் அம்மாவிடம்கூடச் சொல்லத் தயங்கும் விஷயம் வெள்ளைப்படுதல். "உடம்பு உருகிப்போகுது, அதான் மெலிஞ்சிட்டா" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு மேலும் பயந்துபோகிறவர்களும் உண்டு. இந்தப் பயம் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. பெண்ணுறுப்பு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் வழி இது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சுரக்கத் தொடங்கியதும், முதல் மாதவிலக்குக்குச் சில மாதங்கள் முன்பே இது ஆரம்பமாகலாம். கருமுட்டை வெளியாகும் நாட்களில் முட்டையின் வெள்ளைக்கருபோல் இழுபடும், பிறகு கெட்டியாகும். கர்ப்பத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அளவு மாறும்.

கோவாவில் சுமார் 2,500 பெண்களிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வு, இந்தப் புகாருக்குக் கிருமித் தொற்றைவிட மனக்கவலையோடுதான் நெருங்கிய தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஆகவே மெலிவுக்கும் அசதிக்கும் வெள்ளைப்படுதல்மேல் பழி போடாமல், இரத்தச்சோகையா, கவலையா என்று தனியே பார்க்க வேண்டும்.

கழுவக் கழுவத் தொல்லை

வெற்றிலை, மாசிக்காய் சேர்த்த கழுவு திரவங்கள் பினாங்குக் கடைகளிலும் கிடைக்கின்றன. ஆனால் உள்ளே கழுவுவது நல்லதல்ல. அங்கு வாழும் லாக்டோபசில்லஸ் என்ற நல்ல நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலம்தான் கெட்ட கிருமிகளைத் தடுக்கிறது. கழுவினால் அந்தக் காவல் போய்விடும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினாலே போதும். நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பருத்தி உள்ளாடையே நல்லது. வியர்வையில் நனைந்தால் மாற்றிவிட வேண்டும்.

எப்போது கிளினிக் போக வேண்டும்?

தயிர்த்திப்பிபோல் வந்து அரித்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஆண்டிபயாட்டிக் மருந்து, நீரிழிவு, கர்ப்பம் ஆகியவை இதைத் தூண்டும். திருமணமாகாத பெண்ணுக்கும் வரும். இதில் ஒழுக்கக் கேள்விக்கே இடமில்லை. மீன் நாற்றம், மஞ்சள் அல்லது பச்சை நிறம், அடிவயிற்று வலி, இடையில் இரத்தக்கசிவு இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினைத் தொற்றுகளைக் கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் பாதிக்கப்பட்டு, பின்னாளில் பிள்ளைப்பேறே தடைப்படலாம். இவற்றுக்குத் துணைவரும் சேர்ந்து சிகிச்சை பெற வேண்டும்.

ஜார்ஜ்டவுனிலும் சுற்றுவட்டாரத்திலும் அரசாங்க சுகாதார கிளினிக்குகள் இருக்கின்றன. மகள் சொல்லட்டும் என்று காத்திராமல், வயதுக்கு வரும் முன்பே அம்மா பேசிவிடுவது நல்லது. இயல்பு எது என்று தெரிந்த பிள்ளைதான், மாற்றம் வந்தால் மறைக்காமல் சொல்லும்.