வீட்டம்மா எத்தனை கிலோ, சார்?

உங்கள் பைக் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தருகிறது? கேட்டு முடிப்பதற்குள் பதில் வரும். 'முழுகாம இருக்கிற உங்க மனைவி போன மாசம் எத்தனை கிலோ?' என்று கேட்டால்... ஆபீஸில் பாதிப் பேர் ஃபேனைப் பார்ப்பார்கள்!

பதினெட்டு, பத்தொன்பது வயசில் கல்யாணம். அடுத்த வருஷமே வளைகாப்பு. இப்படிப்பட்ட வீடுகள் நம்மூரில் இன்னும் உண்டு. 'பொண்ணு கொடி மாதிரி இருக்கா' என்று பூரித்துப் போகிறோமே, அந்தக் கொடி தாங்குமா என்று யோசிக்கிறோமா?

ஐந்தடி உயரப் பெண் 43 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை போதாது என்று அர்த்தம். அவர் பிரசவத்துக்குள் பன்னிரண்டரை முதல் 18 கிலோ வரை கூட வேண்டும் என்பது அமெரிக்காவின் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்' 2009-ல் சொன்ன கணக்கு. நாலாம் மாதத்திலிருந்து வாரத்துக்கு சுமார் அரைக் கிலோ! கூடாவிட்டால் குழந்தை இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கும் ஆபத்து அதிகம். அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு உடம்புச் சூடு சுலபமாகக் குறையும். பால் இழுக்கத் தெம்பிருக்காது. நோய்த் தொற்று எளிதில் தாக்கும்.

டீன்ஏஜ் தாய்க்கு இன்னொரு சிக்கல். அவளே வளர்கிற பிள்ளை. ஒரு தட்டுச் சாப்பாட்டுக்கு இரண்டு பேர் போட்டி! அமெரிக்காவில் கேம்டன் நகரில் நடந்த ஆய்வு ஒன்று 1994-ல் வெளியானது. வளர்ச்சி நிற்காத இளம் தாய்மார்கள் நன்றாக எடை கூடியும், அவர்களுடைய குழந்தைகள் சராசரியாக 150 கிராம் போலக் குறைந்தே பிறந்தார்களாம்.

நம் வீட்டிலோ, 'நிறையத் தின்னா பிரசவம் கஷ்டம்டி' என்பார் பாட்டி. 'இரும்பு மாத்திரை போட்டா குழந்தை கறுத்துடும்' என்பார் அத்தை. மாத்திரையால் நிறம் மாறாது. ஒல்லிப் பெண்ணின் வயிற்றைக் காயப்போட்டால் குழந்தைதான் நலியும்.

நீங்கள் என்ன செய்யலாம்? செக்கப்புக்கு லீவு போட்டுக் கூடப் போங்கள். கார்டில் எடை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள். முட்டை, பருப்பு, கடலை, பால், கீரை தினமும் இருக்கட்டும். மசக்கையா? கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை கொடுங்கள். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் மிச்ச ரசமும் மோரும்தான் அவளுக்கு என்பதை மாற்றி, ராத்திரி பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தில் அரசு ஊட்டச்சத்துப் பெட்டகம் தருகிறது. அது யார் வயிற்றுக்குப் போகிறது என்றும் கவனியுங்கள்!

பதினெட்டுக்குக் கீழே என்றால் பேச்சே இல்லை. 2006-ம் வருஷத்துச் சட்டப்படி மாப்பிள்ளைக்கு இரண்டு வருஷம் வரை ஜெயில்.

கல்யாணமான மூணாம் மாசமே 'என்னப்பா, விசேஷம் உண்டா?' என்று கேட்பார்களே... 'முதல்ல அவ அம்பது கிலோ ஆகட்டும் மாமா!' என்று சொல்லிப் பாருங்கள்.