தண்ணீரை எடுத்தால் பாரம் ஏறும்

"பக்கத்து மனையில் ஆழமாகக் குழி தோண்டி இரவு பகலாக மோட்டார் ஓட்டினார்கள். எங்கள் வீட்டுச் சுவர் ஏன் வெடித்தது?" மதுரையில் குடியேறிவிட்ட காரியாபட்டி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

காரணங்கள் இரண்டு. குழியின் தடுப்புச் சுவர் உள்பக்கம் வளைந்தால், பின்னாலுள்ள மண் நகர்ந்து தரை தாழும். குழியின் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் வரை இது எட்டலாம். இளகிய களிமண்ணில் அதற்கு அப்பாலும் போகும். முட்டுகளை உடனுக்குடன் கொடுத்தால் பெருமளவு அடங்கும்.

இரண்டாவதுதான் விசித்திரம். எங்கள் ஊர்க் கிணற்றில் சேந்தியவர்களுக்குத் தெரியும்: வாளி தண்ணீருக்குள் கிடக்கும்வரை கனமே தெரியாது, மேலே வந்ததும் கயிறு கையை அறுக்கும். மண்ணுக்கும் அதே கதிதான். நிலத்தடி நீர் மண்துகள்களைத் தாங்கி நிற்கிறது. நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், அடிமண்ணின் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் ஏறக்குறைய 1 டன் பாரம் கூடுகிறது. சாதாரண வீட்டின் ஒரு மாடியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 1920களில் மண் பொறியியல் அறிஞர் கார்ல் டெர்சாகி வகுத்த கணக்கு இது. மணல் இந்தப் பாரத்தைச் சமாளித்துவிடும். களிமண் மாதக்கணக்கில் மெல்ல அமுங்கும். நீர் திரும்ப ஏறினாலும் பெரும்பாலும் பழைய மட்டத்துக்கு எழாது. வீடு முழுதும் ஒரே சீராக இறங்கினால் தொல்லை குறைவு. ஒரு மூலை மட்டும் கூடுதலாக இறங்கும்போதுதான் ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் சாய்வாக ஓடுகிறது.

தண்ணீரோடு மண்ணும் வந்தால் ஆபத்து பல மடங்கு. கொல்கத்தா பௌபஜாரில் 2019 ஆகஸ்ட் 31 அன்று, மெட்ரோ சுரங்க இயந்திரம் நீர்ப்படுகையை உடைத்தது. நீரும் வண்டலும் சுரங்கத்துக்குள் பாய, மேலிருந்த பழைய வீடுகள் இடிந்தன. 2022 மே மாதம் அங்கேயே தோண்டிய குழியின் அடியில் நீர் கசிந்து, மறுபடி வீடுகள் விரிசல் விட்டன.

கோடையில் கரிசல் வெடிப்பது நமக்குப் பழக்கம். அதனால் எல்லா விரிசலையும் வெயிலின் கணக்கில் எழுதிவிடுகிறோம், தோண்டியவர் தப்பிவிடுகிறார். நீர் புகாத அடுக்குவரை தடுப்புச் சுவரை இறக்கலாம், இறைத்த நீரை அக்கம்பக்கத்து நிலத்துக்குள்ளேயே திருப்பிச் செலுத்தலாம். செலவு பார்த்து இரண்டையும் விட்டுவிட்டு, அந்தச் செலவைப் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் கட்டுவது நியாயமல்ல.

பக்கத்தில் வானம் தோண்டப் போகிறார்கள் என்று தெரிந்தால், முதல் நாளே உங்கள் சுவர்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். மோட்டார் தண்ணீர் கலங்கலாக வந்தால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.