பையில் அடங்குவதா, கையில் நிறைவதா?

வீட்டின் மூத்தவர் ஒருவர் மறைந்த மறுநாள், கூடத்துச் சுவரில் மாட்டுவதற்கு ஒரு நல்ல படம் தேடப்படுகிறது. எல்லோருடைய கைப்பேசிகளும் துழாவப்படுகின்றன. காலை வணக்கச் செய்திகளும் குழந்தைகளின் விளையாட்டுகளும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவருடைய முகம் தெளிவாகத் தெரியும் படம் மட்டும் அகப்படுவதில்லை. இறுதியில் ஆதார் அட்டையின் படமோ, யாரோ ஒருவர் திருமணத்தின் குழுப்படத்திலிருந்து வெட்டியெடுத்த முகமோ சட்டத்துக்குள் ஏறுகிறது. அதே வீட்டின் அலமாரியில், பத்து ஆண்டுகளுக்கு முன் ஆசையுடன் வாங்கிய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்று கறுப்புப் பைக்குள் உறங்கிக்கொண்டிருப்பதும் உண்டு.

கேமரா வாங்குவதைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மெகாபிக்சலையும் விலையையும் ஒப்பிடுகிறோம். கருவி நம்மோடு வெளியே வருமா என்னும் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம். சட்டைப் பையில் அடங்கும் சிறிய காம்பாக்ட் கேமராவா, பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவா என்ற தயக்கம் இன்று பல வீடுகளில் எழுகிறது. அதற்குக் காரணம் உண்டு. கேனான், நிக்கான் ஆகிய இரு பெரும் நிறுவனங்களும் 2020-ஆம் ஆண்டுக்குப் பிறகு புதிய டி.எஸ்.எல்.ஆர். மாதிரி எதையும் வெளியிடவில்லை. கண்ணாடியற்ற ‘மிரர்லெஸ்’ வகைக்கு மாறிவிட்டன. ஆகவே நல்ல நிலையிலுள்ள பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் மலிவாகக் கிடைக்கின்றன. தரமான காம்பாக்ட் கேமராக்களோ எண்ணிக்கையில் குறைந்து, விலையில் உயர்ந்திருக்கின்றன.

கைப்பேசியின் படமே போதும் என்று நிறைவடைபவர்களுக்கு இந்த ஆராய்ச்சி தேவையில்லை. அவர்கள் அந்தப் பணத்தைச் சேமிக்கலாம். அந்த நிறைவு கிட்டாதவர்களுக்காகவே இக்கட்டுரை.

சிறியதும் பெரியதும்

இந்த விவாதம் புதியதன்று. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ‘லைக்கா’ என்னும் சிறிய கேமராவுடன் கழித்தவர். 1948 ஜனவரி 30 அன்று தில்லியில் காந்தியடிகளைச் சந்தித்துப் படமெடுத்தார். அன்று மாலையே அண்ணல் சுடப்பட்டார். துயரத்தில் மூழ்கிய தில்லியைக் கார்த்தியே-பிரெசோன் எடுத்த படங்கள் உலகெங்கும் சென்றன. கூட்டத்துக்குள் கலந்து நிற்க, சிறிய கருவி அவருக்குத் துணையாயிற்று.

அதே காலத்துத் தில்லியில், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகை ஒளிப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவாலா, ‘ஸ்பீட் கிராஃபிக்’ என்னும் கனத்த கேமராவைச் சுமந்து பணியாற்றினார். 2011-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. ஒருவர் கருவி கையளவு. மற்றவர் கருவியை இரு கைகளாலும் ஏந்த வேண்டும். இருவரும் தத்தம் கருவியை வீட்டில் விட்டுவிட்டுப் போகவில்லை என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

ஒளியின் கணக்கு

படத்தின் தரத்தில் முதல் பங்கு, உள்ளே ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாருக்கு உரியது. பெரும்பாலான டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களில் உள்ள ஏ.பி.எஸ்.–சி வகைச் சென்சாரின் அளவு ஏறத்தாழ 24 மி.மீ. அகலம், 16 மி.மீ. உயரம். மலிவான காம்பாக்ட் கேமராக்களில் அது சுமார் 6 மி.மீ. அகலமும் 4.5 மி.மீ. உயரமுமே. பரப்பில் பார்த்தால், முன்னது பின்னதைப் போல் பத்து மடங்குக்கும் மேல். இந்த இரண்டுக்கும் இடையில் நிற்பது ‘ஒரு அங்குல’ச் சென்சார். அதன் உண்மையான அளவு 13.2 மி.மீ. அகலம், 8.8 மி.மீ. உயரம், எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இல்லை. பழைய வீடியோ கேமராக் குழாய்களின் அளவுமுறையிலிருந்து வந்த பெயர் அது. 2012-இல் வந்த சோனி ஆர்.எக்ஸ். 100 இச்சென்சாரைச் சட்டைப் பைக்குள் கொண்டுவந்தது. கேனான் நிறுவனத்தின் ஜி 7 எக்ஸ் வரிசையும் அதே அளவைப் பின்பற்றியது.

பெரிய சென்சார் என்றால் எப்போதும் பெரிய வெற்றி என்று முடிவு கட்டிவிடலாகாது. லென்ஸும் கணக்கில் சேர வேண்டும். லென்ஸின் எஃப் எண் குறையக் குறைய, உள்ளே வரும் ஒளி மிகும். டி.எஸ்.எல்.ஆர். கேமராவுடன் சேர்த்துத் தரப்படும் 18–55 மி.மீ. லென்ஸ் எஃப் 3.5-இல் தொடங்குகிறது. ஆர்.எக்ஸ். 100-இன் லென்ஸோ அகலக் கோணத்தில் எஃப் 1.8. இது சென்சாரின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியைத் தருகிறது. டி.எஸ்.எல்.ஆர். சென்சாரின் பரப்பு மூன்று மடங்கு பெரிதாக இருப்பினும், இந்த லென்ஸினால் அந்த மேன்மை கரைந்துபோகிறது.

காசியில் தசாசுவமேத படித்துறையின் மாலை ஆரத்தியைப் படகிலிருந்து பார்ப்பதாகக் கொள்வோம். தீபங்களும் கூட்டமும் ஆற்றுநீரும் ஒரே சட்டத்தில் அடங்கும் அகலமான காட்சிக்கு, நல்ல காம்பாக்ட் கேமரா பழைய டி.எஸ்.எல்.ஆருக்குச் சற்றும் இளைத்ததன்று. ஆனால் அதே படகில் அருகே அமர்ந்திருக்கும் அன்னையின் முகத்தில் தீபவொளி படர்வதைப் பதிவுசெய்ய விரும்பினால் கதை மாறுகிறது. டி.எஸ்.எல்.ஆரில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பொருத்தினால், பின்புலம் மென்மையாகக் கலைய, முகம் மட்டும் தனித்து எழும். காம்பாக்ட் கேமராவில் முகத்தை நெருக்கிக் காட்ட ஜூம் செய்தவுடனே எஃப் எண் உயர்ந்து, ஒளி குறைந்துவிடும். பரத்பூர் சரணாலயத்தின் பறவைகளை எடுக்க விரும்புவோருக்கும் விடை அதுவே, 70–300 மி.மீ. போன்ற நீண்ட லென்ஸை மாற்றிப் பொருத்தும் வசதி டி.எஸ்.எல்.ஆருக்கு உண்டு.

அச்சிடுவதற்கு எத்தனை மெகாபிக்சல் வேண்டும் என்ற கேள்விக்கு விடை எளிது. ஏ4 தாளில் கூர்மையாக அச்சிட 9 மெகாபிக்சல் போதும். 2008-இல் வந்த நிக்கான் டி 90 கேமராவிலேயே 12 மெகாபிக்சல் இருந்தது. சுவரில் மாட்டும் படத்துக்குப் பழைய கருவியே தாராளம்.

எடையின் கணக்கு

சோனி ஆர்.எக்ஸ். 100-இன் எடை, பேட்டரியுடன் 240 கிராம். நிக்கான் டி 90 கேமராவை அதனுடன் விற்கப்பட்ட 18–105 மி.மீ. லென்ஸோடு சேர்த்தால் ஒரு கிலோவைத் தாண்டும். 2018-இல் வந்த நிக்கான் டி 3500 இவ்வகையில் இலகுவானது, 18–55 மி.மீ. லென்ஸுடன் சுமார் 620 கிராம். கழுத்தில் தொங்கும் ஒரு கிலோ, காலை எட்டு மணிக்குத் தெரியாது; பிற்பகல் மூன்று மணிக்குத் தெரியும். முதியவர் ஒருவரைக் கைப்பிடித்து நடத்திச் செல்பவருக்கும், இடுப்பில் குழந்தையைச் சுமப்பவருக்கும் இன்னும் முன்னதாகவே தெரிந்துவிடும்.

எடைக்கு ஈடாக டி.எஸ்.எல்.ஆர். தருவன சில உண்டு. கண்ணாடி வழியாக நேரே காட்சியைக் காட்டுவதால் திரைக்கு மின்சாரம் செலவாவதில்லை. டி 3500 ஒரு முறை மின்னேற்றினால் 1,550 படங்கள் வரை எடுக்கும், ஆர்.எக்ஸ். 100 எடுப்பது 330. நடுப்பகல் வெயிலில் திரை மங்கும்போதும், கண்ணை வைத்துப் பார்க்கும் துளை மங்குவதில்லை.

காம்பாக்ட் கேமராவின் அருங்குணம் வேறு. அது எவரையும் மிரட்டுவதில்லை. பெரிய லென்ஸைக் கண்டதும் நிமிர்ந்து, முகத்தை இறுக்கிக்கொள்ளும் பெரியவர்கள், உள்ளங்கையளவு கருவியின் முன் இயல்பாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

பணத்தின் கணக்கு

ஒரு அங்குலச் சென்சார் கொண்ட புதிய காம்பாக்ட், இன்று அரை இலட்சம் ரூபாயை எளிதில் தாண்டிவிடுகிறது. ₹60,000 விலையுள்ள கேமராவை 15 சதவீத வட்டியில் 12 மாதத் தவணையில் வாங்குவதாகக் கொள்வோம். மாதந்தோறும் ஏறத்தாழ ₹5,415 செலுத்த வேண்டும். வட்டி மட்டும் ஏறக்குறைய ₹4,990 ஆகும். மாறாக, மாதம் ₹5,000 வீதம் ஓராண்டு தொடர் வைப்பில் சேர்த்தால், 6.5 சதவீத வட்டியில் இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் நமக்கு வரும். வட்டி விகிதங்கள் இங்கே எடுத்துக்காட்டுக்காகவே தரப்பட்டுள்ளன. இரு வழிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு, ஏழாயிரம் ரூபாய் அளவினது. ‘வட்டியில்லாத் தவணை’ என்னும் விளம்பரத்திலும் செயலாக்கக் கட்டணமும், வட்டிப் பகுதியின் மீதான ஜி.எஸ்.டி.யும் சேரக்கூடும், ஒப்புக்கொள்ளும் முன் முழுத் தொகையைக் கேட்டறிவது நலம்.

ஏற்கெனவே வீட்டில் டி.எஸ்.எல்.ஆர். இருந்தால் கணக்கு வேறு. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழப் பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. ஒரு புதிய பேட்டரியும் சேர்ந்தால் உறங்கும் கருவி மறுபிறவி எடுக்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிக்கானின் டி 3000, டி 5000 வரிசைக் கேமராக்களின் உடலில் குவியத்தை இயக்கும் மோட்டார் இல்லை. பழைய ‘ஏ.எஃப்.–டி’ லென்ஸ்கள் அவற்றில் பொருந்தும், தாமாகக் குவியமாட்டா. ‘ஏ.எஃப்.–எஸ்’ வகையைக் கேட்டு வாங்க வேண்டும். டி 90, டி 7000 கேமராக்களுக்கு இந்தத் தடை இல்லை.

பழையதை வாங்கும்போது

தில்லி சாந்தினி சவுக்கின் கூச்சா சௌதரி சந்தையிலும், கொல்கத்தா தர்மதலாவின் மெட்ரோ சந்திலும் கேமராக் கடைகள் வரிசையாக உள்ளன. எங்கே வாங்கினாலும் சில சோதனைகள் அவசியம்.

முதலாவது, ஷட்டர் எண்ணிக்கை. இடைநிலை டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களின் ஷட்டர் ஒரு இலட்சம் முறை இயங்கும் வகையில் சோதிக்கப்படுவது வழக்கம். எண்பதாயிரத்தைக் கடந்த கருவிக்கு விலை குறைய வேண்டும். இரண்டாவது, பூஞ்சை. மும்பை, சென்னை, கொச்சி போன்ற கடலோர ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் சிலந்தி வலை போன்ற இழைகள் படரும். லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் ஒளியைப் பாய்ச்சி, மறுபக்கத்திலிருந்து பார்த்தால் தெரிந்துவிடும். மூன்றாவது, தூசி. எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரைப் படமெடுத்தால் சென்சாரிலுள்ள தூசி கரும்புள்ளிகளாகத் தோன்றும். டி.எஸ்.எல்.ஆரில் இதைத் துடைத்துவிடலாம். காம்பாக்ட் கேமராவிலோ உடலையே பிரிக்க வேண்டும். நீண்டு சுருங்கும் லென்ஸின் மோட்டார் பழுதானால் செலவு இன்னும் பெருகும். ஆகவே பழையதாக வாங்க ஏற்றது டி.எஸ்.எல்.ஆர்.; காம்பாக்ட்டைக் கூடுமானவரை உத்தரவாதத்துடன் புதியதாக வாங்குவதே நன்று.

பில்லிலுள்ள வரிசை எண்ணும் உடலிலுள்ள எண்ணும் ஒத்திருக்க வேண்டும். நேரில் பார்க்காத பொருளுக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம். நம் பழைய கேமராவை நாம் விற்கும்போதும் விழிப்பு வேண்டும். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண்ணை இடவோ, கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யவோ தேவையே இல்லை. அவ்வாறு கேட்பவர் வாங்க வந்தவர் அல்லர், பறிக்க வந்தவர். ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

வாங்கிய கருவியைத் தோல் உறையில் அடைத்து வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பதாகும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, வாரம் ஒரு முறையேனும் வெளியே எடுத்துப் பயன்படுத்துவதே சிறந்த பராமரிப்பு.

முப்பது நாள் சோதனை

பணம் செலவழிக்கும் முன், செலவில்லாத ஒரு சோதனை உண்டு. ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து, ஒரு மாதம் எழுதி வருவோம். ‘இதைப் படமெடுத்திருக்கலாமே’ என்று தோன்றிய ஒவ்வொரு தருணத்தையும் குறிப்போம். பக்கத்தில், ஏன் எடுக்க முடியவில்லை என்ற காரணத்தையும் எழுதுவோம். வீட்டிலுள்ள கேமராவையோ, நண்பரிடம் இரவல் பெற்றதையோ அம்மாதம் உடன் கொண்டுசெல்ல முயல்வோம்.

மாத இறுதியில் குறிப்பேடே விடை சொல்லும். ‘கேமரா கையில் இல்லை’ என்பதே பெரும்பாலான வரிகளில் இருந்தால், நமக்கு ஏற்றது காம்பாக்ட். எவ்வளவு உயர்ந்த டி.எஸ்.எல்.ஆர். வாங்கினாலும் அது அலமாரிக்கே சென்றுவிடும். ‘கேமரா இருந்தது, வெளிச்சம் போதவில்லை, தூரம் எட்டவில்லை’ என்ற வரிகள் மிகுந்தால், எடையைச் சுமக்க நாம் தயார் என்று பொருள், பழைய டி.எஸ்.எல்.ஆரும் ஒரு நல்ல லென்ஸும் நமக்குப் பல ஆண்டுகள் உழைக்கும்.

எதைத் தேர்ந்தாலும், எடுத்தவற்றுள் ஆண்டுக்குப் பத்துப் படங்களையேனும் அச்சிட்டு வைப்போம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, சன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும் தந்தையையோ, பூத்தொடுக்கும் அன்னையையோ பெயர் சொல்லாமல், நிமிரச் சொல்லாமல், ஒரு படம் எடுப்போம். அந்த முகத்தைப் பின்னொரு நாள் எங்கும் தேடி அலைய வேண்டியிராது.