சிர்கோனியா பல் உறை: விடுமுறையின் தொடக்கத்திலேயே வாருங்கள்

வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் கடையநல்லூர் வருவோர் சிலர், ரூட் கெனால் சிகிச்சை செய்த பல்லுக்குச் சிர்கோனியா உறை (கேப்) வேண்டி, ஊர் திரும்பும் வாரத்தில்தான் மருத்துவரை நாடுகின்றனர். இப்பணிக்குச் சில நாள்கள் தேவைப்படுவது ஏன்?

பல்லின் அளவு கணினியில் பதிவானதும், ஆய்வகத்தில் உள்ள இயந்திரம், சுண்ணக்கட்டி போன்று மென்மையான சிர்கோனியா வட்டிலிலிருந்து உறையைக் கடைந்தெடுக்கிறது. பின்னர்ச் சூளையில் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது, அது ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருங்கி உறுதி பெறுகிறது. அச்சுருக்கத்தைக் கணக்கிட்டே முதலில் பெரிதாகக் கடைகின்றனர். வழக்கமான முறையில் சுட்டு ஆறவைக்கவே பல மணி நேரம் ஆகும்.

ஐந்து அச்சு இயந்திரம் பல கோணங்களில் சாய்ந்து சிக்கலான வளைவுகளையும் கடையும். ஒற்றை உறைக்கு நான்கு அச்சே பெரும்பாலும் போதும். ஆனால் வெட்டுமுனை தேய்ந்திருந்தாலோ சூளையின் வெப்பம் பிசகினாலோ, எத்தகைய இயந்திரத்திலும் பொருத்தம் கெடும். விளிம்பில் இடைவெளி விழுந்தால் உள்ளே சொத்தை பரவும். நரம்பு நீக்கப்பட்ட பல்லாதலால் வலி எச்சரிக்காது.

ஆகவே முன்கூட்டியே வாருங்கள். ஒட்டுவதற்கு முன் பொருத்திப் பார்க்கையில், கடிக்கும்போது உறை உயரமாகத் தோன்றினால் தயங்காமல் கூறுங்கள். ஒட்டிய பின்னும் சில நாள்கள் மென்று பார்த்துப் புறப்படுவதே நலம்.