ஒரு வட்டிற்குப் பல வழிகள்

பெரிய நிறுவனங்களிற் பணியாற்றும் சேவையகங்கள் பலவற்றில், தரவு வட்டுக்கள் சேவையகத்தின் உள்ளே இருப்பதில்லை. அவை தனிச் சேமிப்பகமாக வேறோர் இடத்தில் அமைந்திருக்க, சேவையகம் ஒளிநார் வடங்களின் வாயிலாக அவற்றை அணுகுகின்றது. வட்டு எத்துணைப் பழுதற்றதாயினும், இடையிலுள்ள வடம் கழன்றுவிடின் அஃது இல்லாததற்கே சமமாகும். ஆதலின் வழியை இரட்டித்தல் வழக்கமாயிற்று. சேவையகத்தில் 2 இணைப்பட்டைகள், இடையே 2 ஆளிகள், சேமிப்பகத்தில் 2 கட்டுப்படுத்திகள் என வைத்து, ஒவ்வோர் அட்டையையும் ஓர் ஆளியோடும், ஒவ்வோர் ஆளியையும் இரு கட்டுப்படுத்திகளோடும் இணைப்பின், ஒரு வட்டை அடைய 4 வழிகள் உளவாகும்.

வடங்களைப் பூட்டியதோடு பாதுகாப்பு வந்துவிட்டதென எண்ணுதல் தவறு. வட்டு வேறு, அதற்குச் செல்லும் வழி வேறு என்பதைப் பணிசெயல் முறைமை தானாக உணர்வதில்லை. நான்கு வாயில்களால் வந்து போன ஒரே மாணவனை இடாப்பில் நால்வராகப் பதிந்துகொள்ளும் ஆசிரியரைப் போல, லினக்ஸ் அவ்வொரு வட்டையே எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி., எஸ்.டி.சி., எஸ்.டி.டி. என நான்கு வட்டுக்களாகக் காட்டும். இப்பெயர்களும் கண்டறியப்பட்ட ஒழுங்கிற்கேற்ப இடப்படுவன. கணினியை மீள இயக்கும்போது மாறவுங் கூடும். இவற்றுள் ஒன்றைக் கொண்டு கோப்பு முறைமையை ஏற்றினால், அவ்வழி அறுந்தவுடன் ஏனைய மூன்றும் இருந்தும் பயனில்லை. இவை வெவ்வேறு வட்டுக்களென நம்பி இரு பெயர்களாலும் எழுதத் தொடங்கினாலோ, ஒன்றன் எழுத்தை மற்றொன்று அழித்துத் தரவு முழுவதுஞ் சிதையும். மிகையாக அமைத்த வழியே கேடாக முடியும் இடம் இது.

இக்குறையை நீக்குவதே பன்வழி மென்பொருள். லினக்ஸில் இது ‘மல்ரிபாத்’ எனப்படும். விண்டோஸ் சேர்வரிலும் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாக இத்தகையதொரு வசதி உடன்வருகின்றது. வேண்டுவோர் அதனை நிறுவிக்கொள்ளலாம். சேமிப்பகம் தான் வழங்கும் ஒவ்வொரு வட்டிற்கும் பிறிதொன்றிற்கு இல்லாத அடையாள எண்ணொன்றை வைத்திருக்கும். எவ்வழியாக வினவினும் விடை அவ்வெண்ணே. ஒரே எண்ணைத் தரும் வழிகளையெல்லாம் மென்பொருள் ஒன்றுசேர்த்து, ‘எம்பாத்-ஏ’ என்பது போன்ற ஒரு புதுப்பெயரை இடுகின்றது. அதன்பின் வாசித்தலும் எழுதுதலும் அப்பெயராலேயே நிகழ்தல் வேண்டும். இயங்கு முறைமையே அவ்வட்டில் இருக்குமாயின், தொடக்க நினைவகப் படிமத்தையும் பன்வழிக் கூறு அடங்குமாறு மீளவும் ஆக்குதல் அவசியம்.

நான்கு வழிகளும் ஒத்த தன்மையன அல்ல என்பதும் அறியத்தக்கது. பல சேமிப்பகங்களில் ஒரு வட்டிற்கு ஒரு கட்டுப்படுத்தியே உரியது. அதற்குச் செல்லும் 2 வழிகள் நேரானவை. மற்றைய 2 சுற்றுவழிகள். நான்கிற்கும் சமமாகச் சுமையைப் பங்கிடுதல் நீதிபோலத் தோன்றினும், வேகத்தையே குறைக்கும். ஆகவே முன்னுரிமைப்படி வழிகளைக் குழுவாக்கி, நேர்வழிக் குழு முற்றாக அற்றபோது மட்டும் மற்றையதை நாடுமாறு அமைத்தலே பொருந்தும்.

நிற்க. எல்லா வழிகளும் ஒருங்கே அற்றால் யாது செய்வது? அமைவுக் கோப்பில் ‘நோ பாத் றிற்றை’ என்னும் சொல் இதனையே தீர்மானிக்கின்றது. ‘பெயில்’ எனின் பிழை உடனே மேலே அறிவிக்கப்படும். சில கணத் தடங்கலுங்கூடக் கோப்பு முறைமையை நிறுத்திவிடலாம். ‘கியூ’ எனின் கோரிக்கைகள் எல்லையின்றிக் காத்துக் கிடக்கும்; அவற்றை எதிர்பார்த்திருக்கும் செய்நிரல்களை நிறுத்தவும் இயலாது, கணினியை முறைப்படி அணைத்தலும் அரிதாகும். எண்ணொன்றைத் தருதலே நடுவழி. வழிகள் 5 வினாடிக்கொருமுறை சோதிக்கப்பட, எண் 12 ஆயின், ஏறத்தாழ 60 வினாடி காத்தபின் பிழை அறிவிக்கப்படும். தனித்தியங்கும் சேவையகத்திற்கு இதுவே தக்கதென்பது என் கருத்து. ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று பணியேற்கும் கூட்டுச் சேவையகங்களுக்கோ உடனே பிழை அறிவித்தலே ஏற்றது. தாமதித்தால் மற்றையது பணியேற்பதுந் தாமதமாகும்.

மென்பொருளாற் காணமுடியாத குறைகளும் உள. 2 ஆளிகளும் ஒரே மின்வழங்கலில் இருந்தாலும், 2 வடங்களும் ஒரே குழாயினூடே சென்றாலும், எண்ணிக்கையில் இரண்டேயன்றிக் காப்பில் ஒன்றுதான். மேலும், வழி பலவாயினும் வட்டிலுள்ள தரவு ஒன்றே. தவறுதலாக அழித்த கோப்பு நான்கு வழிகளாலும் அழிந்தே தோன்றும். ஆதலாற் காப்புப் பிரதி தனியே வேண்டும்.

அமைத்தபின் சோதித்தலே எஞ்சியது. பணி தொடங்குமுன், தரவு எழுதப்பட்டுக் கொண்டிருக்கையிலேயே நேர்வழிகள் செல்லும் கட்டுப்படுத்தியின் வடங்களைக் கழற்றுக. எழுதுதல் சிறிது தயங்கித் தொடரவேண்டும். அவ்வழிகள் பட்டியலிற் பழுதுற்றனவாகத் தோன்றவேண்டும். மீளப் பூட்டியபின் நான்கும் உயிர்பெற்றனவா என நோக்குக. மீளுதல் கைவழியே நிகழுமாறு அமைக்கப்பட்டிருப்பின், வழி சீரடைந்த பின்னரும் சுமை சுற்றுவழியிலேயே நின்றுவிடுதல் உண்டு. அதனை நேர்வழிக் குழுவிற்கு மாற்றுதல் நிருவாகியின் பொறுப்பாகும்.